டிரெஸ்டனின் கண்ணாடி மனிதன்

1892 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரத்துக்குள் காலரா புகுந்தது. எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்த ஊர் அது. சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒட்டியிருந்த அல்டோனா நகரமும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. ஆனால் அங்கே மணல் படுகையில் வடிகட்டிய பிறகே வீடுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு விழுந்தது, எதிர்ப்பக்கம் பெரும்பாலும் தப்பியது. ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்த விஷயம் அடுக்களைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

அதே ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது டிரெஸ்டன். ஹாம்பர்க் சம்பவத்துக்குச் சற்றுப் பிந்தி அங்கே ஒரு வியாபாரி, கழுத்து வளைந்த வெள்ளைப் புட்டியில் வாய் கொப்பளிக்கும் மருந்து விற்க ஆரம்பித்தார். பெயர் கார்ல் ஆகஸ்ட் லிங்னர். மருந்தின் பெயர் ஓடோல். கிருமி என்ற சொல்லே மக்களுக்குப் புதிதாகவும் பயமாகவும் இருந்த காலம். விளம்பரத்தில் அவர் கெட்டிக்காரர். ஐரோப்பா முழுக்க ஓடோல் விற்றது, லிங்னர் கோடீஸ்வரர் ஆனார்.

பணம் சேர்ந்த பிறகு அவர் செய்த காரியங்கள்தான் அவர் பெயரை நிற்க வைத்தன. ஆர்தர் ஷ்லாஸ்மான் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1898-ல் பச்சிளம் குழந்தைகளுக்கென்று ஒரு மருத்துவ இல்லம் தொடங்க உதவினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பல் சிகிச்சை, கிருமி நீக்கப் பயிற்சி நிலையம், பொதுமக்களுக்கு வாசகசாலை என்று ஒவ்வொன்றாக வந்தன. இவற்றையெல்லாம் விட அவருக்கு ஆழமாகப் பிடித்துப்போன யோசனை ஒன்று இருந்தது. புட்டியை விற்க உதவிய அதே உத்திகளால் உடல்நல அறிவையும் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று அவர் நம்பினார்.

1903-ல் டிரெஸ்டனில் ஜெர்மன் நகரங்களின் பொருட்காட்சி நடந்தது. அதற்குள் லிங்னர் தன் செலவில் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தார். காசநோய், அம்மை, டிஃப்தீரியா போன்ற மக்கள் நோய்களும் அவற்றைத் தடுக்கும் வழிகளும் அங்கே காட்டப்பட்டன. வரிசையாக மைக்ரோஸ்கோப்புகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கிருமி. பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த எதிரியை ஆலைத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேரில் பார்த்தார்கள். டாக்டர்கள் கூட்டம் போட்டுச் சொல்லியும் ஏறாத பாடம் அந்தச் சின்னக் குழாய் வழியாக ஏறியது. நூல் எழுதுவதை விடக் காட்டுவது வலுவானது என்று லிங்னர் கண்டுகொண்டது அங்கேதான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1911 மே 6 அன்று, முதலாவது சர்வதேச சுகாதாரப் பொருட்காட்சி டிரெஸ்டனில் திறந்தது. ஊரின் மக்கள்தொகை அப்போது ஐந்தரை லட்சம் அளவில்தான். அக்டோபர் முடிவதற்குள் 50 லட்சம் பேருக்கு மேல் வந்து போயிருந்தார்கள். ஓவியர் ஃப்ரான்ஸ் ஃபொன் ஷ்டுக் வரைந்த விளம்பரச் சுவரொட்டியில் நட்சத்திரம் நிறைந்த வானில் ஒற்றைக் கண் ஒன்று விழித்துப் பார்க்கும். பார்வையே கல்வி என்று நினைத்த ஒருவரின் பொருட்காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது.

அந்தப் பொருட்காட்சியில் வரலாற்றுப் பிரிவும் ஒன்று இருந்தது. அதைக் கட்டியவர் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஸூடோஃப். மருத்துவ வரலாற்றுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தை 1906-ல் தொடங்கியவர் அவர். பழங்கால மக்கள் எப்படிக் குளித்தார்கள், தண்ணீரை எப்படி ஊருக்குள் கொண்டுவந்தார்கள், இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்றெல்லாம் அவர் பொருள்களாலும் மாதிரிகளாலும் காட்டினார். மருத்துவ வரலாறு டாக்டர்களுக்கான பாடம் என்ற எண்ணம் இருந்த நாளில், அது லட்சக்கணக்கான சாமானியர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதாக மாறியது.

ஆனால் கூட்டம் முண்டியடித்தது 'மனிதன்' என்ற மண்டபத்தில். லிங்னருக்கு அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. முன்னறிவு எதுவும் இல்லாதவருக்கும் விளங்க வேண்டும், எழுத்து குறைவாக இருக்க வேண்டும், பொருள் தானே பேச வேண்டும். அங்கே காட்டப்பட்டவற்றில் இரண்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

ஒன்று, மெழுகு வார்ப்பு. தோல்நோய் கண்ட நோயாளியின் கையிலோ முகத்திலோ நேரடியாகச் சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் சாயம் கலந்த மெழுகை ஊற்றுவார்கள். வெளியே எடுத்த பிறகு நோயாளியை எதிரில் உட்காரவைத்து, புண்ணின் சிவப்பையும் சீழின் மஞ்சளையும் அடுக்கடுக்காகத் தீட்டுவார்கள். புருவ மயிரை ஒவ்வொன்றாகக் குத்துவார்கள். கடைசியில் விளிம்பில் வெள்ளைத் துணி சுற்றிக் கறுப்புப் பலகையில் பதிப்பார்கள். வண்ணப் புகைப்படம் பரவாத அந்நாளில் சிபிலிஸ் புண் எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. துணி சுற்றிய அந்த மெழுகுக் கைகளைப் பார்த்து மயங்கி விழாமல் நகர்வதற்கே சிலருக்குத் தைரியம் தேவைப்பட்டிருக்கும்.

இன்னொன்று, லைப்சிக் உடற்கூறியலாளர் வெர்னர் ஷ்பால்டெஹோல்ட்ஸின் கைவண்ணம். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த இதயத்தை அவர் முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கவைப்பார். பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்து உள்ளே இருக்கும் நீரையெல்லாம் இறக்குவார். கடைசியாக, வலித் தைலங்களில் மணக்குமே, அந்த விண்டர்கிரீன் எண்ணெய் கலந்த திரவத்தில் இறக்கிவைப்பார். சதை மெல்ல மெல்ல ஒளி ஊடுருவுவதாக மாறும். வண்ணம் ஏற்றிய இரத்தக் குழாய்கள் மட்டும் அந்தரத்தில் கிளைவிட்டு நிற்கும். வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி கசிவதற்கும் இதுவே காரணம். இழைகளுக்கு நடுவே இருந்த காற்றையோ நீரையோ வெளியேற்றி, இழையைப் போலவே ஒளியை வளைக்கும் எண்ணெய் அங்கே வந்து உட்காரும்போது, ஒளி சிதறாமல் நேரே போய்விடுகிறது. உடலைக் கத்தியால் கிழிக்காமல் உள்ளே பார்க்க முடிந்தது அந்த மண்டபத்தில்தான் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

அதே பொருட்காட்சியில் வேறொரு மூலையும் இருந்தது. மாக்ஸ் ஃபொன் குரூபரும் எர்ன்ஸ்ட் ரூடினும் சேர்ந்து அமைத்த 'இன சுகாதார'ப் பிரிவு. குடும்ப மரங்கள், பரம்பரை நோய் வரைபடங்கள், யார் பிள்ளை பெறலாம் என்ற விவாதம். அன்றைக்கு அது ஜெர்மனிக்கு மட்டும் உரிய கிறுக்கு அல்ல. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படித்த பெரிய மனிதர்கள் பலர் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். 22 ஆண்டுகள் கழித்து இந்த ரூடினின் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும்.

பொருட்காட்சி மிச்சம் வைத்துப்போன சுமார் 10 லட்சம் மார்க்கைக் கொண்டு நிரந்தரமான அருங்காட்சியகம் ஒன்றை நிறுவ 1912-ல் சங்கம் அமைத்தார்கள். கட்டிடம் எழுவதற்குள் உலகப் போர் வந்தது. லிங்னர் 1916-ல் நாக்குப் புற்றுநோயால் இறந்தார். சொத்தில் பெரும்பகுதியை அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். 1923-ன் பணவீக்கம் சேமித்ததையெல்லாம் காகிதமாக்கியது. தன் பெயரில் வீடில்லாத அருங்காட்சியகமாகவே அது பல ஆண்டுகள் இருந்தது.

வீடில்லாததுதான் அதன் பலமாகவும் ஆயிற்று. சாமான்களைப் பெட்டிகளில் அடைத்து ரயிலில் ஏற்றினார்கள். காசநோய்க் கண்காட்சி ஓர் ஊருக்கு, குழந்தை வளர்ப்புக் கண்காட்சி இன்னோர் ஊருக்கு, பால்வினை நோய்க் கண்காட்சி மற்றோர் ஊருக்கு என்று பெட்டிகள் சுற்றின. நகர மண்டபத்திலோ பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ விரிப்பார்கள். கூடவே உரை நிகழ்த்துபவர் வருவார். தவிர, டிரெஸ்டன் பட்டறை மெழுகு வார்ப்புகளையும் சுவர்ப் படங்களையும் ஸ்லைடுகளையும் செய்து பள்ளிகளுக்கு விற்றது. பாதி அருங்காட்சியகம், பாதி தொழிற்கூடம். 1926-ல் டுசெல்டார்ஃபில் ஷ்லாஸ்மான் முன்னின்று நடத்திய 'கெஸோலை' என்ற மாபெரும் உடல்நலப் பொருட்காட்சிக்கு 75 லட்சம் பேர் வந்தார்கள். அதன் அமைப்புப் பணியில் முக்கியப் பொறுப்பு வகித்தவர் மார்தா ஃப்ராங்கெல் என்ற இளம் யூத மருத்துவர். இந்தத் துறையில் அவர் அளவுக்குத் தேர்ந்தவர்கள் அன்று அதிகம் இல்லை. பிறகு டிரெஸ்டன் அவரை அழைத்துக்கொண்டது.

1930 மே மாதம் ஒருவழியாக வீடு வந்தது. கட்டிடக் கலைஞர் வில்ஹெல்ம் கிரைஸ் எழுப்பிய வெண்ணிறப் பெருமாளிகை, லிங்னர் பெயரைத் தாங்கிய சதுக்கத்தில் நின்றது. அதோடு சேர்த்து இரண்டாவது சர்வதேச சுகாதாரப் பொருட்காட்சியும் தொடங்கியது. அறிவியல் பகுதியின் நிர்வாகம் மார்தா ஃப்ராங்கெல் கையில் இருந்தது. உள்ளே பொத்தான்களும் நெம்புகோல்களும் நிறைந்திருந்தன. பார்வையாளர் அழுத்தினால் விளக்கெரியும், இழுத்தால் மூட்டு மடங்கும். 'தொடாதே' என்ற பலகைக்குப் பழகிப்போன ஜனங்களை, தொட்டுப் பார் என்று அழைத்த இடம். இன்று அறிவியல் மையங்களில் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிக் குதிக்கிறார்களே, அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் இது ஒன்று.

அந்த மாளிகையின் மையத்தில் நின்றான் கண்ணாடி மனிதன்.

பெயர்தான் கண்ணாடி. தோல் செல்லான் என்ற பிளாஸ்டிக். ஃப்ரான்ஸ் சாக்கெர்ட் என்ற பட்டறைக் கலைஞர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்தது. செல்லான் தகட்டைச் சூடாக்கி உடல் வடிவ அச்சின்மேல் படியவைத்து, தோல் போல எடுத்தார். உள்ளே எலும்புக்கூடு, அதைச் சுற்றி உறுப்புகள். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கிலோமீட்டர் கணக்கில் நீளும் மெல்லிய கம்பிகளால் ஆனவை. ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் சிறு விளக்கு. மங்கலான அறையில், உயர்ந்த பீடத்தில், இரு கைகளையும் வானை நோக்கி ஏந்தி அவன் நிற்பான். முதலில் நுரையீரல் ஒளிரும். பிறகு இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக. பழங்காலக் கிரேக்கச் சிற்ப மரபில் வந்த, பிரார்த்திக்கும் இளைஞன் ஒருவனின் நிலையைக் கொடுத்திருந்தார்கள். கண்காட்சி அறை ஏறக்குறைய ஒரு சன்னிதியாக மாறிவிட்டது. அதை நோக்கி வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள் என்றால் அதற்கு அந்த அமைப்பே காரணம்.

உலகம் அவனை வாங்கத் துடித்தது. 1933-ல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் ஒருவன் நின்றான். சில ஆண்டுகளில் கண்ணாடிப் பெண் ஒருத்தி நியூயார்க் போனாள். அதற்குச் செலவு செய்தது ஓர் அமெரிக்க இடுப்புக்கச்சை நிறுவனம். அடுத்த பல பத்தாண்டுகளில் டிரெஸ்டன் பட்டறை நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களைச் செய்து நாடு நாடாக அனுப்பியது.

சிகாகோவில் ஜனங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கோடையில், 1933 ஜூலை 14 அன்று, ஹிட்லர் அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோயுள்ளவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுக்கும் சட்டம். மனவளர்ச்சிக் குறை, ஸ்கிஸோஃப்ரினியா, வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு, கடும் உடல் ஊனம், தீராத குடிப்பழக்கம் என்று ஒரு பட்டியல். ஒரு நீதிபதியும் இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்து முடிவு செய்தால் போதும், விருப்பம் இல்லாவிட்டாலும் கருத்தடை அறுவை செய்யலாம். சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் அந்த எர்ன்ஸ்ட் ரூடின். சுமார் 4 லட்சம் பேர் அந்தக் கத்திக்கு ஆளானார்கள்.

இவ்வளவு பெரிய வன்முறைக்கு மக்களின் சம்மதம் வேண்டியிருந்தது. குறைந்தபட்சம் அவர்களின் மௌனம். அதைத் தயாரிக்க அரசுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சுருக்கமான வாசகம், பெரிய படம், பொத்தான், விளக்கு, ரயிலில் ஏறும் பெட்டி, ஊர் ஊராகப் போகும் பேச்சாளர், பள்ளிகளுக்குச் சுவர்ப் படம் என்று எல்லாம் டிரெஸ்டனில் தயாராக இருந்தன. 20 ஆண்டுகளாக மக்கள் அந்தப் பட்டறையை நம்பப் பழகியிருந்தார்கள். தங்கள் குழந்தையைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்த இடம் பொய் சொல்லும் என்று யாரும் நினைக்கவில்லை.

மார்தா ஃப்ராங்கெல் 1933-லேயே வெளியேற்றப்பட்டார். நாட்டைவிட்டுப் போய், கடைசியில் நியூயார்க் நகரத்தின் சுகாதாரத் துறையில் பணியாற்றினார். அவர் கட்டியெழுப்பிய கூடத்தில் பரம்பரையும் இனமும் புதிய பாடங்களாயின. டாக்டர்களுக்கும் மற்றவர்களுக்கும் இனக் கொள்கையைப் பயிற்றுவிக்கும் அரசுக் கழகம் ஒன்று அதே கட்டிடத்தில் இயங்கியது. அந்தக் காலக் கண்காட்சிகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு படம் உண்டு. 'மேலான' குடும்பங்களுக்கு இரண்டு பிள்ளைகள், 'கீழான' குடும்பங்களுக்கு நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், 30, 60, 90, 120 ஆண்டுகளில் யார் எவ்வளவு இருப்பார்கள் என்று சிறு மனித உருவங்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவார்கள். கணக்கு சரி. கணக்கின் அடியில் இருக்கும் அனுமானம்தான் பொய். படத்தைப் பார்ப்பவர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, அனுமானத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் போவார். காட்டும் கலையின் ஆபத்து முழுவதும் அந்த ஒரு படத்தில் அடங்கியிருக்கிறது.

புரூனோ கெப்ஹார்ட் என்ற காப்பாட்சியரின் வாழ்க்கை இதில் ஒரு சங்கடமான அத்தியாயம். 1927 முதல் டிரெஸ்டனில் பணிபுரிந்தவர், திறமைசாலி. புதிய ஜெர்மனியின் இனவியல் கொள்கையை விளக்கும் கண்காட்சி ஒன்று 1934-ல் அமெரிக்காவின் பாசடீனாவில், பொது சுகாதார வல்லுநர்களின் மாநாட்டில் வைக்கப்பட்டது. அது டிரெஸ்டனின் தயாரிப்பு. பின்னர் பஃபலோ நகர அறிவியல் அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டு 1943 வரை வைத்திருந்தது. 1935-ல் பெர்லினில் நடந்த 'வாழ்வின் அற்புதம்' என்ற பிரம்மாண்டக் கண்காட்சியை அமைத்ததும் கெப்ஹார்ட்தான். கண்ணாடி மனிதன் அங்கேயும் நின்றான். பிறகு அவர் அரசோடு ஒத்துப்போக முடியாமல் 1937-ல் அமெரிக்கா சென்றார். 1940-ல் கிளீவ்லாந்தில், அந்நாட்டின் முதல் உடல்நல அருங்காட்சியகத்தைத் திறந்தார். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் தம் உடலைப் பற்றித் தெரிந்துகொண்டது அங்கே. அந்த நன்மையும் உண்மை, முன்பு செய்த வேலையும் உண்மை. ஒன்றால் மற்றொன்றை அழித்துவிட முடியாது.

வன்முறை கருத்தடையோடு நிற்கவில்லை. டிரெஸ்டனிலிருந்து ஆற்றோரமாகச் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பிர்னா என்ற சிற்றூர். மேட்டில் ஸொன்னென்ஷ்டைன் கோட்டை. 1811-ல் அது மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டாமல் பரிவோடு நடத்தும் புது வகை மருத்துவமனையாகத் தொடங்கியது. ஐரோப்பாவெங்கும் அதைப் புகழ்ந்தார்கள். 1940 ஜூன் முதல் 1941 ஆகஸ்ட் வரை அங்கே ஒரு நிலவறையில் நாஜிகள் நச்சுவாயுவால் 13,720 நோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொன்றார்கள். மேலும் வதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களையும்.

அந்த நோயாளிகளில் ஒருவர் டிரெஸ்டனில் 1899-ல் பிறந்த ஓவியர் எல்ஃப்ரீடே லோஸே-வெஃக்ட்லர். நகரத்தின் முன்னணிக் கலைஞர்களோடு பழகியவர். மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதும் சக நோயாளிகளின் முகங்களை வரைந்துகொண்டிருந்தார். 1935 டிசம்பரில், 1933-ன் அந்தச் சட்டத்தின்படி அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அதன் பிறகு அவர் வரையவில்லை. 1940 ஜூலை 31 அன்று ஸொன்னென்ஷ்டைனில் கொல்லப்பட்டார். வீட்டாருக்கு அனுப்பிய சான்றிதழில் வேறு காரணம் எழுதியிருந்தார்கள். அருங்காட்சியகம் அவரைக் கொல்லவில்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் சமூகத்துக்குப் பாரம் என்று சாதாரண மனிதர்கள் சலனமில்லாமல் நம்பும் அளவுக்குப் படம் போட்டுக் காட்டியவர்களில் அந்த நிறுவனமும் உண்டு.

1945 பிப்ரவரி 13 இரவில் தொடங்கிய குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. சுமார் 25,000 பேர் மாண்டார்கள். அருங்காட்சியகக் கட்டிடம் பெருமளவு சிதைந்தது, சேகரிப்பில் கணிசமான பகுதி சாம்பலானது. இடிபாடுகளுக்கு நடுவே மீண்டும் பட்டறை இயங்கியது. டைஃபாய்டும் பால்வினை நோயும் பரவிய ஊரில் சுவரொட்டிகளுக்கு அவசரத் தேவை இருந்தது. நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த கேயார்க் ஸைரிங் மேற்கே போய், கொலோன் நகரில் தனியே ஓர் உடல்நல அருங்காட்சியகம் தொடங்கினார். கிழக்கில் டிரெஸ்டன், மேற்கில் கொலோன் என்று நாட்டைப் போலவே இந்தக் கலையும் இரண்டானது.

கிழக்கு ஜெர்மனி நாற்பதாண்டுகள் இந்த மாளிகையைத் தன் உடல்நலக் கல்வியின் தலைமையகமாக வைத்துக்கொண்டது. தடுப்பூசி, பல் துலக்குதல், புகைப்பழக்கம், வாலிபருக்கான பாலியல் கல்வி என்று சுவரொட்டிகளும் பாடப் பெட்டிகளும் நாடு முழுக்கப் போயின. பட்டறை கண்ணாடிப் பசுவையும் செய்தது. நல்ல வேலைகள் நிறைய நடந்தன. 1933 முதல் 1945 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி மட்டும் அந்தக் கூடங்களில் பேச்சு எழவில்லை. பாசிசம் என்பது எல்லைக்கு அப்பால் இருப்பவர்களின் கடந்தகாலம் என்று அந்த அரசு சொல்லிக்கொண்டிருந்தது.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு கேள்வி தவிர்க்க முடியாததாக ஆயிற்று. இனிமேல் இந்த மாளிகை எதற்கு? பல் துலக்கச் சொல்லித்தர தொலைக்காட்சி வந்துவிட்டது. 1991 முதல் அதை வழிநடத்தியவர்கள் வேறு பாதையைத் தேர்ந்தார்கள். மனிதனைப் பற்றிய அருங்காட்சியகமாக, விவாதம் நடக்கும் இடமாக அதை மாற்றினார்கள். தன் சொந்த வரலாற்றையும் காட்சிப்பொருளாக வைத்தார்கள். பீட்டர் குல்கா என்ற கட்டிடக் கலைஞர் மேற்பார்வையில் மாளிகை சீரமைக்கப்பட்டது. நிரந்தரக் கண்காட்சியின் முதல் கூடம் கண்ணாடி உருவத்துக்கே ஒதுக்கப்பட்டது. ஆனால் இப்போது அது வழிபாட்டு நிலையில் தனியே நிற்பதில்லை. இப்படி ஓர் உருவத்தை எதற்காக, யார், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்ற கதையும் அருகிலேயே இருக்கிறது.

2006 அக்டோபரில் 'கொல்லும் மருத்துவம்' என்ற கண்காட்சி வாஷிங்டனின் யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்திலிருந்து இங்கே வந்தது. 2004-ல் அங்கே திறக்கப்பட்டு, பிறகு கடல் கடந்து வந்தது. டாக்டர்களும் உயிரியலாளர்களும் நாஜிக் குற்றத்துக்கு எப்படித் தோள்கொடுத்தார்கள் என்பதே அதன் பொருள். எந்தக் கட்டிடத்தின் தயாரிப்புகள் குற்றச்சாட்டின் சான்றுகளாக இருந்தனவோ அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே அது 2007 வரை நடந்தது. ஒரு நிறுவனம் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தன் மண்டபத்தில் தானே விரித்துவைத்து, டிக்கெட் கொடுத்து ஊரை அழைப்பது பெரிய காரியம். பல நாடுகளில் பல மருத்துவ நிறுவனங்கள் இன்னும் செய்யாத காரியம்.

அன்றாடம் நடப்பவற்றிலும் அதே அக்கறை தெரிகிறது. கண்ணாடி ஆய்வுக்கூடம் என்று பெயரிட்ட அறையில் பள்ளி வகுப்புகள் வந்து மரபணுப் பொருளைத் தாங்களே பிரித்தெடுத்துப் பார்க்கிறார்கள். பரம்பரை என்றால் என்ன என்று சுவர்ப் படம் பார்த்து நம்பியதற்கும், சோதனைக் குழாயில் கைவைத்து ஆசிரியரைக் குடைந்து குடைந்து கேட்பதற்கும் உள்ள தூரம் அதிகம். குழந்தைகளுக்கான ஐம்புலன் கூடம் தனியே உண்டு. சைகை மொழியில் வழிகாட்டி உரை, எளிய மொழியில் வழிகாட்டி உரை என்று, முன்பு அதே இடத்தில் 'பாரம்' என்று படம் வரையப்பட்டவர்களுக்கான நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

இதற்கான திருப்பம் 2000 டிசம்பரில் இந்த மாளிகையில் தொடங்கிய ஒரு கண்காட்சியோடு வந்தது என்று சொல்லலாம். குறையோடு இருப்பதற்கான உரிமை என்பது அதன் கரு. ஊனத்தைப் பற்றிய கண்காட்சி. அதை வடிவமைத்தபோது சக்கர நாற்காலியில் வருபவரும் கண் தெரியாதவரும் எல்லோரோடும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டார்கள். சரிவுப் பாதையைக் கடைசியில் ஒட்டவைக்காமல் கண்காட்சியையே அதைச் சுற்றிக் கட்டினார்கள்.

2001 நவம்பரில் அங்கே நடந்த நிகழ்ச்சி இன்னும் துணிச்சலானது. மரபணுப் பரிசோதனை குறித்த குடிமக்கள் மாநாடு. தேசிய அளவில் ஜெர்மனியில் அப்படி ஒன்று நடந்தது அதுவே முதல்முறை. நாடெங்கும் சாதாரண ஜனங்களுக்குக் கடிதம் அனுப்பி, விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து ஒரு சிறு குழுவைச் சேர்த்தார்கள். மருத்துவமோ சட்டமோ படித்த நிபுணர்கள் அல்லர். வார இறுதிகளில் உட்கார்ந்து படித்தார்கள், கேள்விகளைத் தயாரித்தார்கள். பிறகு எந்த நிபுணர்களைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பொதுமக்கள் முன்னிலையில் மரபியலாளர்களும் டாக்டர்களும் அறவியலாளர்களும் வந்து அவர்களுக்குப் பதில் சொன்னார்கள். கருவிலேயே நோயைக் கண்டறிந்தால் பெற்றோர்மேல் எவ்வளவு அழுத்தம் விழும், காப்பீட்டு நிறுவனம் ஒருவரின் மரபணுவைக் கேட்கலாமா, கருப்பைக்கு வெளியே உருவான கருக்களைச் சோதித்துத் தேர்வு செய்யலாமா என்ற கேள்விகள். கடைசிக் கேள்வியில் குழு பிளந்தது. ஒருமித்த தீர்ப்பு என்று பூசி மெழுகாமல் பெரும்பான்மையின் காரணங்களையும் சிறுபான்மையின் காரணங்களையும் தனித்தனியாக எழுதி, இரண்டையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.